வடக்கு மூலையில் விட்ட ஆகாயத்தாமரை

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. திருமயத்திலிருந்து சிலிண்டர் வர நாளாகுமாம். மாட்டுக் கொட்டகைப் பரணில் தேடினேன். நம் மகளிர் குழுவின் கரி உருண்டைச் சாக்கு ஒன்று அகப்பட்டது, அடியில் கொஞ்சம் உருண்டைகளோடு. அடுப்பில் போட்டதும் அந்த வாடை வந்தது, கருகிய கோரையும் சேறும் கலந்தாற்போல. நீ போனதிலிருந்து உன்மேல் கோபம், பேசுவதில்லை என்றிருந்தேன். இன்றைக்கு முடியவில்லையடி.

நம் கண்மாயை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த காலம். அதை அள்ளி எரிபொருளாக்கலாம் என்று எங்கோ பயிற்சிக்குப் போய்வந்து நீதான் சொன்னாய். குழுவில் எல்லாரும் சிரித்தோம். "சிரிங்கடி, சிரிங்க. நாளைக்கு இதுலதான் ஒங்க வீட்டு ஒலை கொதிக்கப்போகுது" என்றாய். காய்ந்த செடியைத் தகர டிரம்மில் திணித்து, காற்றுப் புகாமல் மூடி, அடியில் தீ மூட்டினோம். உள்ளே சாம்பலாகாமல் கரியாகவே வந்தது. மூடியில் வைத்த குழாய்வழி வந்த புகைகூடப் பற்றி எரிந்தபோது நீ குலவை போட்டாய்! கரியைத் தூளாக்கி வடிகஞ்சி விட்டுப் பிசைந்து உருட்டினோம். டீக்கடைக்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். கண்மாயில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது.

வடக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் பாக்கி. அதையும் அள்ளப் போனவர்களைத் தடுத்துவிட்டாய். "அரிசிப் பானையையே வழிச்சுத் தொடைக்க மாட்டோம். இம்புட்டு கெடக்கட்டும்டி. மிச்சம் வச்சாத்தான் பெருகும். நாளைக்கு டிரம்முக்கும் வேணும்ல." எல்லாரும் கரையேறினோம். நம் வீடுகளில் யார்தான் பானையை வழித்தோம்?

அடுத்த மழைக்குப் பெருகியது. டிரம் தின்ற வேகத்தைவிட வேகமாகப் பெருகியது. மடை அடைத்துக்கொண்டது, கீழே வயல்கள் காய்ந்தன. "கம்மாயில களைய வெதைச்சவ இவதான்" என்று உன் காதுபடவே பேசினார்கள். நீ மார்பளவுத் தண்ணீரில் தனியாக நின்று பிடுங்கிக்கொண்டே இருந்தாய். "ஏறி வாடி, காய்ச்சலா இருக்குல்ல" என்று கரையிலிருந்து கத்துவேன். "நான் வச்ச மிச்சம், நாந்தான் எடுக்கணும்" என்பாய். அந்தக் காய்ச்சலே உன்னைக் கொண்டுபோயிற்று. பாவி, அவ்வளவு வீம்பு எதற்கடி உனக்கு?

இப்போது கண்மாய் கரைமுதல் கரைவரை பச்சை, ஊதாப்பூ வேறு. திருமயம் கோட்டை பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள். குழு கலைந்துவிட்டது. டிரம் அடி ஓட்டையாகிக் குப்பையில் கிடக்கிறது. இந்த வருசமும் நடவு இல்லை. என் மகன் திருப்பூருக்கே போய்விட்டான். இனி அந்தத் தண்ணீரைப் பார்ப்பேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

மதியம் சோறு பாதி வெந்திருக்கும்போது தீ அடங்கியது. சாக்கில் கையை விட்டேன். ஒரே ஓர் உருண்டை. எடுத்துவிட்டேன், போடத்தான் கை வரவில்லை. மிச்சம் வைத்தால் பெருகும் என்றாயே. கரி முளைக்காது, நீயும் வரப்போவதில்லை, எல்லாம் தெரியும். வேகாத சோற்றையே வடித்துத் தின்றேன். உருண்டை சாக்கிலேயே கிடக்கிறது.