இடது கன்னம்

2011 ஜூன் 6, திங்கள்
மூன்று நாளாகப் பல்வலி. ஷாதிபூர் பஸ்ஸில் விசிலும் கையுமாக நிற்கிறேன், வலி மட்டும் எந்த ஸ்டாப்பிலும் இறங்க மாட்டேன் என்கிறது. கண்டக்டரிடமே டிக்கெட் இல்லாத பயணம். நாளை பல் டாக்டர்.

ஜூன் 7
டெலானிபூரில் டாக்டர் ஜாக்குலின். தூத்துக்குடிக் குடும்பம், இந்தத் தீவிலேயே பிறந்தவர். பல்லைப் பிடுங்கிய பிறகும் விடவில்லை. நாக்கைத் தூக்கச் சொன்னார், கன்னத்தைப் புரட்டிப் பார்த்தார். இடது கன்னத்துக்குள் காசளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதாம்.

"வெத்தல எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

இடதுதான். வலது பக்கம் விசிலுக்கு வேண்டுமே. இருபது வருடப் பழக்கம், புகையிலையோடு.

"இன்னைக்கே விட்டுருங்க அண்ணாச்சி. ரெண்டு வாரம் கழிச்சும் திட்டு இருந்தா, கொஞ்சம் வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

எதற்கு என்றேன். "கேன்சரான்னு பாக்க." அப்படியே சொல்லிவிட்டார்.

ஜூன் 8
வெற்றிலை இல்லாத முதல் நாள். ஒரு பெங்காலி அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். "க்யா ஹுவா, கண்டக்டர் சாப்?" என்றார். என்னத்தைச் சொல்ல.

ஜூன் 12
கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வேலையாக இருந்தபோது சுனாமியில் கடல் ஏறி வந்தது, மேட்டுக்கு ஓடினோம். இதற்கு எங்கே ஓடுவது?

ஜூன் 20
நாளை மறுபடி டாக்டர். டிரைவர் சிவஞானம் ஒரு வழி சொன்னான்: உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் எந்த வெள்ளையும் போய்விடுமாம். தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் வெள்ளையைக் காணோம், கன்னம் செக்கச்செவேல் என்றிருக்கிறது. பாஸ்.

ஜூன் 21
பாஸாவது ஒன்றாவது. டாக்டர் முகமே மாறிவிட்டது. வெள்ளையைவிடச் சிவப்புதான் மோசமாம்! பயந்துபோய் உப்பு விவகாரத்தை ஒப்புக்கொண்டேன். முறைத்தார், பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால்.

"ஏமாத்துறதுக்கு இது பஸ் செக்கிங்கா அண்ணாச்சி?"

புண் ஆறட்டும், அப்புறம் வெட்டலாம் என்றார்.

ஜூன் 29
திட்டு அப்படியேதான் இருக்கிறது. ஒரு ஊசி, துளி சதை, ஒரு தையல். புட்டி சென்னைக்குப் போகிறது.

ஜூலை 13
மெயின்லாண்டிலிருந்து தக்காளிகூட வந்துவிட்டது, என் ரிப்போர்ட் வரவில்லை. நான் வெற்றிலையை விட்டதை இந்திராணி அக்கம்பக்கமெல்லாம் பெருமையாகச் சொல்லி வருகிறாள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். பெண்டாட்டி வாயால் புகழ் கேட்பது சும்மாவா?

ஜூலை 18
புற்று இல்லை. புற்று இல்லை.

புற்றாக மாறத் தொடங்கிய நிலைதானாம். மிச்சத் திட்டையும் எடுத்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு வருடம் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்றார்.

கிளம்பும்போது, "வீட்டுல வேற யாரும் போடுறாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு மடித்துத் தந்த கை, அதே தட்டிலிருந்து தனக்கும் மடித்துக்கொண்டதுதானே?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நீங்க விட்ட அன்னைக்கே நானும் விட்டுட்டேன்" என்றாள், அரிசி புடைத்தபடியே. நாற்பத்தொரு நாள். ஒருவரும் அவளைப் பாராட்டவில்லை. நானும்தான். வெட்கமாக இருந்தது.

ஜூலை 20
லீவு போட்டு இந்திராணியை அழைத்துப் போனேன். அவள் கைப்பை என் மடியில். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்ததைவிட அதிக நேரம். இடது கன்னம், வலது கன்னம், நாக்குக்கு அடியில். எனக்காக இவ்வளவு பயந்ததில்லை.

"சுத்தமா இருக்கு. வருஷத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க" என்றார்.

நாற்காலியிலிருந்து இறங்கியவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

"இப்பவாச்சும் மூச்ச விடுங்க."