பதினொரு பேர் இருந்த வீடு

அக்கா,

லண்டனில், செவன் கிங்ஸில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் நேற்று ஒரு பெரிய படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். நூறு வருடங்களுக்கு முந்திய நியூயோர்க். ஒரு படத்தில் சின்ன அறை. யன்னலோரம் ஒரு பெண் காற்சட்டைகள் தைக்கிறாள். கட்டிலின் மேல் வெட்டிய துணி, கட்டிலின் கீழ் பிள்ளைகள். பழைய தாளும் பசையும் கலந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் குரல் கேட்டது.

"பிள்ளை, இஞ்ச ஓடி வா. என்னைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறாங்கள்."

நாங்கள் ஒரே வீட்டில் இருந்த காலத்தில், பிளேஸ்டோ நூலகத்திலிருந்து நான் அப்படியொரு புத்தகத்தை இரவல் வாங்கி வந்த நாளில் நீங்கள் சொன்னது அது. நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள். முன்னறையில் கட்டில் நிறையப் பாவாடைத் துண்டுகள், யன்னலடியில் தையல் மெஷின், மடியில் பாவாடைக்கு வைத்துத் தைக்கிற சிப்புகள். பள்ளிக்கூடம் விட்டு வரும் உங்கள் மகள்மார் இருவரும் துணியை ஒதுக்கிவிட்டு இருந்துதான் பாடம் எழுதுவார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு படங்களுக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். புதுச் சொற்களைத் திகதி போட்டுக் கொப்பியில் எழுதுவேன். அதே கொப்பியின் பின்பக்கத்தில்தான் யார் எப்போது குளிப்பது, யாருக்கு எந்த நேரம் அடுப்பு என்ற பட்டியலும் இருந்தது.

மேலே பின்னறையில் நான், அவர், மகள். முன்னறையில் நீங்கள் மூவர். மற்ற இரண்டு அறைகளிலும் ஐந்து அண்ணைமார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வருபவர், பேக்கரிக்குப் புறப்படுபவரின் சூடு ஆறாத கட்டிலில் படுப்பார். அமெரிக்காவிலும் அப்படித்தான் முறை வைத்துப் படுத்தார்கள் என்று வாசித்தபோது, "அப்ப நாங்கள் புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை" என்று சிரித்தீர்கள். படிக்குக் கீழிருந்த அலுமாரியை ஒழித்து நான் சுவாமி வைத்திருந்தேன். "இந்த வீட்டில தனி அறை கிடைச்சது முருகனுக்கு மட்டும்தான்" என்று நீங்கள் சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை.

பிறகு கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க, வருகிற செவ்வாய் பதினொரு மணிக்கு ஒருவர் வருவார். வாசித்துச் சொன்னதும் மெஷினை நிறுத்தினீர்கள். லண்டனுக்கு வந்து இரண்டு வருடத்தில் அது உங்களுக்கு ஐந்தாவது வீடு. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு கறுப்புப் பைகளோடு தெருவில் நின்றிருக்கிறீர்கள்.

"இன்னொருக்கா என்னால பை கட்டேலாது" என்றீர்கள்.

புத்தகத்திலிருந்துதான் உங்களுக்கு வழி தெரிந்தது. பரிசோதகர் வருகிறார் என்றால் அந்தக் காலத்து ஆட்கள் கூரைக்கு ஓடிப்போவார்களாம். "எங்களுக்குக் கூரை ஏலாது. பின்வளவில ஷெட் இருக்கு. மெத்தையளை முதல் நாளே கொண்டுபோய் அடுக்குவம். ஆம்பிளையள் பத்தரைக்கு வெளிக்கிட்டு லைப்ரரிக்குப் போகட்டும். நீங்கள் மூண்டு, நாங்கள் மூண்டு. ஆறு பேர். கதைக்கிறது நீ. விளங்கிச்சோ?"

"பொய் சொல்லச் சொல்லுறியள், அக்கா."

"பொய் இல்லையடி, குறைச்சுச் சொல்லுறது."

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே மணி அடித்தது. இரவு வேலை செய்த மூவரும் வெறும் தரையில் நித்திரை, மற்ற இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கையைத் தட்டிக் கோழி கலைப்பது போலக் கலைக்க, ஐவரும் பின்கதவால் ஷெட்டுக்குள் பாய்ந்தார்கள். தை மாதக் குளிர். நான் போய் முன்கதவைத் திறந்தேன்.

கவுன்சிலிலிருந்து வந்திருந்த பெண் உள்ளே காலை வைத்ததும் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சுவரோரம், தினமும் நான் நேராக்கி வைக்கிறபடி, ஐந்து சோடி ஆண்களின் வேலைச் சப்பாத்துகள். அவற்றின் பக்கத்தில் எங்களுடையவை, பிள்ளைகளுடையவை. மெத்தையை ஒளித்தோம், ஆளை ஒளித்தோம். வாசலில் கழற்றி வைத்ததை ஒளிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் தன் சப்பாத்தையும் கழற்றி வரிசையின் முடிவில் வைத்தார்.

குசினியில் வைத்துத்தான் கேட்டார், இங்கே எத்தனை பேர் என்று. நீங்கள் அவருக்குப் பின்னால் நின்று ஒரு கையை விரித்து, மற்றக் கையில் ஒரு விரலையும் தூக்கிக் காட்டினீர்கள். எனக்கு எதிரே படிக்குக் கீழே முருகனின் அலுமாரிக் கதவு திறந்திருந்தது.

"பதினொன்று" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஐந்து பேர் ஷெட்டுக்குள். சப்பாத்து இல்லை. அவர்களுக்குக் குளிரும்" என்றும் சொன்னேன். கொப்பியில் எழுதிய அத்தனை சொற்களும் அந்த நேரத்தில் ஒழுங்காக வந்து நின்றன.

"முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்" என்றார் அந்தப் பெண்.

சொக்ஸோடு நனைந்த புல்லில் வரிசையாக வந்தார்கள். மூத்த அண்ணை அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம், "தங்கச்சி, தேத்தண்ணி ஆறியிருக்கும் என்ன?" என்று கேட்டார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் போனபிறகு, "என்ர பிள்ளையளைத் தெருவில விட்டிட்டாய்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீங்கள் என்னோடு கதைக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு உத்தரவு வந்தது. ஆட்களைக் குறைக்க வேண்டும். அண்ணைமார் வேறு இடம் பார்த்துப் போனார்கள். பிள்ளைகளுள்ள உங்களுக்குக் கவுன்சில்காரர் டூட்டிங்கில் ஒரு சின்ன பிளாட் கொடுத்தார்கள். வான் வந்த அன்று என்னைப் பார்க்காமலே ஏறினீர்கள். செய்தது சரியென்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று மாதம், விளக்கேற்றும்போதெல்லாம் உங்கள் முகத்தைத்தான் முருகனிடம் கேட்டேன்.

ஒருநாள் தொலைபேசி அடித்தது.

"நான்தான். இஞ்ச குசினியில நான் தனிய நிக்கிறன். முடிஞ்சுதோ, முடிஞ்சுதோ எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. ரெண்டு மணித்தியாலமா வேணுமெண்டே ஒரு பருப்பைக் காய்ச்சுறன், பிள்ளை." அழுகிறீர்களா சிரிக்கிறீர்களா என்று எனக்குப் பிடிபடவில்லை. "உன்னை நான் மன்னிக்கேல்லை, கண்டியோ. ஆனா ஞாயிற்றுக்கிழமை வா. மச்சம் இல்லை, உனக்காக மரக்கறிதான்."

அப்படித் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு ரயில் மாறி வருவேன். எத்தனை வருடம் என்று கொப்பிகளைப் புரட்டினால் சொல்லிவிடலாம், புரட்ட மனமில்லை. உங்கள் பிளாட்டுக்கு யார் வந்தாலும் என் கதையைச் சொல்லுவீர்கள். "இவளிட்ட ஒண்டையும் ஒளிக்கேலாது. கேளாததையும் சேர்த்துச் சொல்லுவாள்." சொல்லும்போது உங்கள் குரலில் இருந்தது கோபம் இல்லை, அக்கா. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன கார்த்திகையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மகள்மார் கோப்பி வாங்கப் போயிருந்த நேரம் என் கையைப் பிடித்தீர்கள். "உனக்குத்தான் பிழையில்லாமல் எண்ணத் தெரியுமே. இனி என்ர ரெண்டையும் உன்ரையோட சேர்த்து எண்ணு." நீங்கள் எனக்குக் கடைசியாகச் சொன்னது அது.

இந்த வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் துண்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுத்தேன். எங்கள் மூன்று பேரையும் பல வருடமாகத் தெரிந்த ஐயர் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்டில எத்தனை பேர், அம்மா?"

சந்நிதியில் நின்றுகொண்டு சொன்னேன்:

"அஞ்சு பேர், ஐயா."