நுனி வரை எஃகு

மார்ச் 3

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "வேலை இருந்தாத்தான் அவனுக்கு அக்கா ஞாபகம் வருது" என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "எழுதினானே, அதுக்கு சந்தோஷப்படு" என்றாள். அவள் எப்போது உன்னை விட்டுக்கொடுத்தாள்? போனில் கேட்காமல் எழுதிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. காற்றுச் சுரங்கத்தின் இரைச்சலில் இத்தனை வருஷம் நின்ற காது. போனில் நீ பேசுவதில் பாதிதான் எனக்கு விழுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியின் புது விமானத்துக்கு ஒரு கை நீளத்தில் மாதிரி இறக்கை செய்து, எங்கள் சுரங்கத்தில் நிறுத்திக் காற்றடித்துப் பார்க்க வேண்டும். அதை எதில் செய்யலாம் என்பதுதானே கேள்வி? மரம் கைக்கு இணங்கும். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி மாதிரி வரும். ஆனால் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிவிடும். தலைமுடி அளவு உப்பினாலும் உங்கள் கணக்கு போச்சு. 3டி பிரிண்டரில் ரெசின் பிளாஸ்டிக்கில் எடுப்பதுதான் இப்போது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. சீக்கிரம் முடியும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். வேகக் காற்றில் வைத்தால் வளையும், பின்விளிம்பு நெளியும். அப்புறம் நீ அளப்பது நீ வரைந்த இறக்கையை அல்ல, வேறு ஏதோ ஒன்றை.

என்னைக் கேட்டால், ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து செதுக்கி எடு. நாள் பிடிக்கும். ஆனால் நிம்மதி. அதெல்லாம் முடியாது, ரெசின்தான் என்று உன் மேலாளர் அடம்பிடித்தால், உள்ளே ஒரு எஃகுத் தண்டு அடியிலிருந்து நுனி வரை ஓட வேண்டும். பாதியில் நின்றால், நின்ற இடத்தில் ஒடியும். ஒடிந்த துண்டு அங்கேயே விழாது. காற்று அதை இழுத்துப் போய்ப் பெரிய விசிறியில் அடிக்கும்.

உன் மனைவிக்கு வாந்தி நின்றதா? அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான். என் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிடுகிறாள்.

நீ எழுதியதை மேலாளரிடம் சொன்னேன். அலுமினியம் என்றதுமே முகம் சுருங்கிவிட்டது. "அவ்வளவு நாள் நம்மகிட்ட இல்லப்பா" என்றார். ரெசின் என்று முடிவாகிவிட்டது. ஆனால் நீ சொன்னபடியே எஃகுத் தண்டு, அடியிலிருந்து நுனி வரை. வரைபடத்தில் அப்படியே போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கூடவே அனுப்பியிருக்கிறேன், பார்.

ஒரே ஒரு சிக்கல். உங்கள் சுரங்கத்தில் இந்த வருஷக் கடைசி வரை இடமில்லை என்கிறார்கள். நீ ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாதிரியைப் பரிசோதித்து உள்ளே விடுகிறவளே நீதானே. இந்தச் சோதனை நல்லபடியாக முடிந்தால் என்னை வடிவமைப்புக் குழுவுக்குத் தலைவனாக்குவார்கள். உனக்குப் பிறக்கப்போகும் மருமகளுக்காக (பெண்தான் என்று அம்மா தீர்ப்பு சொல்லியாகிவிட்டது) இதைச் செய்.

உன் சுண்டெலி

ஏப்ரல் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

இதுவரை யாருக்காகவும் வரிசையை மாற்றச் சொல்லிப் போய் நின்றதில்லை. உனக்காக நின்றேன். மே முதல் வாரம் ஒரு ஆராய்ச்சி மாணவியின் முறை. பாலத்து மேல் அடிக்கும் காற்றைப் பற்றிப் படிக்கிறாள். அவளிடம் நானே போய் இடத்தைக் கேட்டேன். "உங்க தம்பிக்காகவா? எடுத்துக்குங்க அக்கா, நான் ஜூன்ல பண்ணிக்கறேன்" என்றாள். அவளுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுது. மறக்காதே.

வரைபடம் பார்த்தேன். நுனிப் பக்கம் இறக்கை மெலிந்து போகிறது. காற்றழுத்தம் பார்க்கும் குழாய்களும் அதே வழியாகத்தான் வருகின்றன. அங்கே தண்டைக் கொண்டுபோவது கஷ்டம். வடிவத்தை மாற்றி மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டி வந்தால் எடு. கஷ்டம் என்று விட்டுவிடாதே. உள்ளே இருப்பது என் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எடையைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். தம்பி கொண்டு வந்தாலும் தராசில் வைத்துத்தான் வாங்குவேன்.

நீயே எடுத்து வா. அம்மா உன்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அன்புடன்,
அக்கா

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் இறக்கை ஒடிந்துவிட்டது. எங்கள் தலைமைப் பொறியாளர் உங்கள் மேலாளருக்குச் சொல்லியிருப்பார். எனக்கு உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நீ கொண்டு வந்த அன்று தராசில் வைத்தேன். என் கணக்கும் முள்ளும் ஒட்டி நின்றன. "பார்த்தியா, தம்பி ஒழுங்கா செஞ்சிருக்கான்" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். சோதனை வரை இருந்துவிட்டுப் போ என்றேன். மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று அன்றைக்கே கிளம்பினாய்.

குறைந்த வேகத்தில் நன்றாகத்தான் நின்றது. வேகத்தைக் கூட்டியதும் நடுவில் இறக்கை லேசாகத் துடித்தது. நிறுத்து என்று நான் கையைத் தூக்குவதற்குள் பாதி இறக்கை காணோம். விசிறியின் மூன்று இதழ்கள் உடைந்தன. யாருக்கும் அடிபடவில்லை. சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

துண்டுகளைப் பொறுக்க உள்ளே இறங்கினோம். தரையெல்லாம் சின்னச் சின்னச் சாம்பல்நிற உருண்டைகள். "இது என்னக்கா, பேரிங் குண்டா?" என்று விசிறி இயக்குகிறவர் கேட்டார். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். நகத்தின் தடம் பதிந்தது. ஈயம். ஒடிந்த பாதியில் தண்டே இல்லை. நின்ற பாதியில் இருந்ததும் எஃகு இல்லை, அலுமினியக் குழாய். நடுவில் நின்றுவிட்டது. அதற்கப்பால் பசையும் ஈயக் குண்டும்.

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உங்கள் பட்டறையில் யாராவது உனக்குத் தெரியாமல் செய்திருக்கலாம். மேலாளர் செய்யச் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் ஒரு வரி எழுது. நீ எழுதினால் நான் நம்புகிறேன்.

அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாமல் கடைசிவரை படி.

தண்டு நுனி வரை போகவில்லை. காற்றழுத்தக் குழாய்கள் இடித்தன. எஃகுத் தண்டு வர நாளாகும் என்றார்கள், கையிலிருந்த அலுமினியக் குழாயைப் போட்டேன். வடிவத்தை மாற்றி மறுபடி எடுத்திருந்தால் மே தேதி கைவிட்டுப் போயிருக்கும். நீ கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த தேதி. கம்ப்யூட்டர் கணக்கில் தாங்கும் என்று வந்தது. ஈயம் நான்தான் போட்டேன். நீ எடை போடுவேன் என்று எழுதியிருந்தாய். எடை குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு மேல் சொல்லப்போவதுதான் முக்கியம். இங்கே விசாரித்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், கடைசி நேரத்தில் அக்காவே தண்டு பாதி போதும், எடைக்கு ஈயம் போட்டுக்கொள் என்று வாயால் சொன்னாள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது. இப்போது மாற்றிப் பேசினால் என்னை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். உன்னுடையது நிரந்தர வேலை. இத்தனை வருஷ அனுபவம். உன்னைக் கொஞ்சம் திட்டுவார்கள், அவ்வளவுதான். உங்கள் விசாரணைக் கமிட்டியில் கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல். ஞாபகமில்லை என்று சொன்னால்கூடப் போதும்.

அம்மாவிடம் பேசிவிட்டேன். நீ செய்வாய் என்றாள்.

உன் சுண்டெலி

ஜூன் 21

தம்பிக்கு,

கமிட்டி முடிந்துவிட்டது. நீ வருவாய் என்று உன் பெயருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலம்தான் வந்தது. தலைமைப் பொறியாளர் அதைச் சத்தமாக வாசித்தார். என் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"இப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லல."

"அப்ப உங்க தம்பி பொய் சொல்றாரா?"

மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னேன். "ஆமா சார். பொய் சொல்றான்."

உன் கையெழுத்துள்ள வரைபடத்தையும் வைத்தேன். வரைபடத்துக்குப் பிறகு வாயால் என்ன பேசினீர்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார் ஒருவர். இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்று எழுதி முடித்துவிட்டார்கள். இனி மாதிரிகளைப் பரிசோதித்துக் கையெழுத்திடும் வேலை எனக்கு இல்லை. பட்டறையில் ஒரு ஓரத்தில் மேஜை கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் முன்பு மாதிரி என்னிடம் நின்று பேசுவதில்லை. அந்த மாணவி மட்டும் வந்தாள். சுரங்கம் திறக்க நாளாகும். அதற்குள் அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். "பரவாயில்லக்கா" என்றாள். பரவாயில்லை என்கிற முகமா அது? நீ அவளுக்கு நன்றிக் கடிதம்கூட எழுதவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நீ அவசரப்பட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பயந்து உளறினாய் என்பதையும் ஒருவேளை ஒருநாள் மறப்பேன். ஈயத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீ உட்கார்ந்து என் கணக்கைப் போட்டிருக்கிறாய். அக்கா எத்தனை கிராம் எதிர்பார்ப்பாள் என்று பார்த்து, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருக்கிறாய். அது ஒரு நிமிஷத்துப் பயத்தில் செய்கிற காரியம் இல்லை. பிறகு அதே கையோடு என் வீட்டுக்கு வந்து, என் தட்டில் சாப்பிட்டு, என் தராசுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாய்.

அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன். "கூடப்பொறந்தவனைக் காட்டிக் கொடுத்துட்டு வந்து நிக்கறியே" என்றாள். "அவன் என்னைக் காட்டிக் கொடுத்தானே அம்மா" என்றேன். "அவன் சின்னவன். நீ எப்பவும் விட்டுக்கொடுக்கறவதானே" என்றாள். அப்பா போன பிறகு உனக்கு வழிவிட்டு நான் படிப்பை நிறுத்தினேன். அன்றைக்கும் இதையேதான் சொன்னாள். அன்று அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. உன்னிடம் வருவதாகப் பையைக் கட்டி வைத்திருக்கிறாள். பிரசவத்துக்கும் ஆள் வேண்டும்தானே. வந்து அழைத்துப் போ. நான் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வா. போகும்போது பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடு. எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.

அம்மாவுக்கு மழைக்காலத்தில் முழங்கால் பிடித்துக்கொள்ளும். கீழ்த்தளத்தில் படுக்கை போட்டுக் கொடு. ரத்த அழுத்த மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. போட்டுக்கொண்டேன் என்றுதான் எப்போதும் சொல்வாள். வார்த்தையை நம்பாதே. மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்.

அக்கா