உன் மாமனார் கட்சி மாறிய நாள்

அன்பு மகள் வாலுவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். நீயும் நேற்று நன்றாகத் தூங்கியிருப்பாய் என்று தெரியும், இருந்தாலும் உன் கையெழுத்தில் இரண்டு வரி பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். நேற்று போனில் பேசியது ஒரு பேச்சா? பாதி நேரம் நீ அழுதாய், மீதி நேரம் உன் அம்மா சிரித்தாள், என் கைக்கு வந்த போனை நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமியார் வாங்கிக்கொண்டார். அதனால் இன்று கடையைத் திறக்காமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரனே கோணலாக எழுதுகிறானே என்று நினைக்காதே, தலைகால் புரியாமல் இருக்கிறேன்.

வெளியே நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். நீ வாழப்போன நாடு, கடல்தாண்டிப் போய்ச் சண்டை போட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. நம் நாடு உலக சபையில் எழுந்து, இதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம், பேசித் தீர்ப்போம் என்றது. இரண்டுக்கும் முகம் கோணி, விமானப் போக்குவரத்து நின்றது. நம்மைப் பார்த்துவிட்டுப் போக ஒரே பெட்டியோடு வந்த உன் மாமனாரும் மாமியாரும் நம் முன்னறையில் மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையோ போர்க்கப்பலின் எந்திர அறையில், புறப்படு என்ற ஒரு சொல்லுக்காகத் துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்தார். நீ தனியாக இருக்கிறாயே, உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நம் வீட்டுக்குள் நடந்ததை மட்டும் மறைத்துவிட்டோம். இனிமேல் சொல்லலாம். வீட்டில் பெரிய போர்.

உன் மாமனார் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் இல்லையா, அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஆரம்பிப்பார். உங்கள் நாட்டுக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்பார், நேரம் பார்த்து முதுகில் குத்திவிட்டார்கள் என்பார். நான் சும்மா இருக்க வேண்டியதுதானே, இருக்கவில்லை. உங்கள் தலைவர்களுக்கு வாய் நீளம், மூளை கட்டை என்றேன். அதோடு பேச்சு நின்றது. ஒரே சோபாவின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உப்பு வேண்டும் என்றால்கூட, சம்பந்தியிடம் உப்பைத் தள்ளச் சொல் என்று உன் அம்மாவிடம் சொல்லுவேன். உப்பு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பெண்கள் இரண்டு பேரும் இதற்குள் நகமும் சதையும் ஆகிவிட்டார்கள். பால்கனியில் உட்கார்ந்து உன் பழைய சட்டைகளைப் பிரித்துத் தலையணை உறை தைத்துக்கொண்டு ஓயாமல் சிரித்தார்கள். ஒருநாள் காலை அடுப்பில் காப்பியைக் காணோம். கேட்டால், பேசிக்கொள்ளாத ஆண்களுக்குக் காப்பி கிடையாது என்று அவர்கள் சபை கூடித் தீர்மானம் போட்டிருக்கிறதாம். நாங்கள் இருவரும் தனித்தனியே தெருமுனைக் கடைக்குப் போய், தனித்தனி மேசையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் காப்பி குடித்தோம்.

முந்தாநாள்தான் உலக சபையில், சண்டைக்குப் போகலாமா கூடாதா என்று ஓட்டெடுப்பு. அன்றைக்குப் பார்த்து உன் மாமனார் தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு டிவியும் ஒன்றுதான் சுவரும் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் என் கடைக்கு வந்தார். நானும் ஒன்றும் பேசாமல் நாற்காலியைக் காட்டினேன். சோதனை பிரேமை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, எதிரே இருக்கிற எழுத்து அட்டையைக் கையால் காட்டினேன். வேண்டாவெறுப்பாக வாசிக்க ஆரம்பித்தார். பக்கத்து சலூன்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு நாட்டின் பெயரையும் கூப்பிட, போகலாம், கூடாது, போகலாம், கூடாது என்று சுவரைத் தாண்டிக் கேட்டது. பெரிய எழுத்து வரியை முடித்துவிட்டார். அடுத்த வரியில் நின்றுவிட்டார். எழுத்து மங்கலாக இருக்கிறதோ என்று வில்லையை மாற்றினேன். அப்போதுதான் பார்த்தேன், அவர் அட்டையையே பார்க்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அந்த மனுஷனுக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"வேணாம்னு சொல்லுங்கப்பா," என்றார். "யாராவது ஒருத்தர் வேணாம்னு சொல்லுங்க. அவன் கப்பலோட அடித்தட்டுல இருக்கான்."

பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து நின்றது. மிச்சம் ஒரே ஒரு குட்டி நாடு, உலக வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் அளவு. அதன் பிரதிநிதி ஓர் அம்மா, பாவம், நல்ல ஜலதோஷம். எழுந்தார், தும்மினார், மன்னிப்புக் கேட்டார், மறுபடி தும்மினார், தண்ணீர் குடித்தார். சலூனில் கத்தரிச் சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு மூக்கடைத்த குரலில், கூடாது என்றார்.

அப்புறம் நடந்ததை எழுத எனக்கே சிரிப்பாக இருக்கிறது. உன் மாமனார் சோதனை பிரேமோடு அப்படியே தெருவுக்கு ஓடினார். அந்த வில்லையில் தெருவே அவருக்குத் தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரிந்திருக்க வேண்டும், நான் என்று நினைத்துத் தபால் பெட்டியைக் கட்டிப்பிடித்தார். பிறகு சலூனுக்குள் புகுந்து, பாதி முகம் சவரமான ஒருவரைத் தூக்கிச் சுற்றினார். வெளியே வரும்போது இவர் காதிலும் சோப்பு நுரை. பிறகு பழைய ஸ்டேஷன் குரலில், தெருவே கேட்க, "பயணிகளின் கவனத்திற்கு, வெளியே போன வண்டி பத்திரமாகத் திரும்பி வருகிறது," என்று அறிவித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பயந்து வரிசையில் நின்றார்கள். அவருக்குத் துணையாக நானும் ஒருதரம் கத்தினேன், நம்பு. சாயங்காலம் உங்கள் அரசு கப்பல்களைத் திருப்பி அழைத்த செய்தி வந்ததும் பெண்களின் சபை கூடித் தடையை நீக்கியது. இரண்டாவது டம்ளர் காப்பி உள்ளே போனதுமே அவர், உங்கள் நாட்டுக்காரர்கள் இதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். நானும் விடவில்லை. ஆனால் இப்போது சோபாவின் நடுவில் உட்கார்ந்து சண்டை போடுகிறோம்.

ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது. குண்டு விழ இருந்த அந்த ஊரிலும் என்னைப்போல ஒருவன் நேற்றுக் காலை கடையைத் திறந்து, கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கியிருப்பான். அவன் முகம் எனக்குத் தெரியாது. அவனும் நன்றாக இருக்கட்டும்.

அடுத்த வாரம் விமானம் ஓடுமாம். உன் மாமியாரிடம் தலையணை உறைகள் கொடுத்துவிடுகிறோம், நிறம் பொருந்தவில்லை என்று முகத்தைச் சுளிக்காதே. நீ இத்தனை நாளும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஓட்டியிருப்பாய், எனக்குத் தெரியும், இனி அடுப்பைப் பற்றவைத்து ஒழுங்காகச் சாப்பிடு. மாப்பிள்ளை வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்காதே. எந்திரச் சத்தத்திலேயே இருந்தவர், கொஞ்ச நாள் உரக்கப் பேசுவார், கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் ஓயாத சிரிப்போடும் இருக்க என் ஆசியும் அம்மாவின் முத்தமும்.

மறக்காதே, நாற்காலியில் தான் சொன்னதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று உன் மாமனார் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ யாரோ இல்லை, அதனால் உன்னிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை குளித்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்ததும் நீ அவரிடம் சொல்லிவிடு. தன் அப்பா தனக்காக என்ன கேட்டார் என்று மகனுக்குத் தெரிய வேண்டும்.

என்றும் உன்
அப்பா