அட்டைப் படத்துப் பாப்பா

ஃபிரிஸ்கோ,
மார்ச் 3, 2024

அன்புள்ள மாளு,

வளைகாப்புக்கு வர லீவு கிடைக்கவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு எதுவும் வாங்கக்கூடாது என்று உன் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராமே? அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தேன்: இது குழந்தைக்கு இல்லை, உனக்கு. பழைய சாமான் கடையில் ஒரு படம் கிடைத்தது, விசிட்டிங் கார்டு அளவுதான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே வெள்ளைக்காரர்கள் ஸ்டூடியோவில் இப்படி எடுத்து, அட்டையில் ஒட்டி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பார்களாம். லேஸ் கவுன் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்குகிற பாப்பா! ஃபிரேம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

உன்,
விஷாகா

ஃபிரிஸ்கோ,
மார்ச் 12

மாளு,

நீயும் போனை எடுக்கவில்லை, உன் வீட்டுக்காரர் பிரணவும் எடுக்கவில்லை. அந்தப் படத்தை உடனே கவிழ்த்து வை.

ஜோடியாக இன்னொன்று வாங்கலாம் என்று இன்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். "அந்த இறந்துபோன குழந்தையின் படத்தை வாங்கியது நீங்கள்தானே?" என்று கடைக்காரம்மா சர்வசாதாரணமாகக் கேட்டார். உயிரோடு இருக்கும்போது படம் எடுக்காத குழந்தைகளை, போன பிறகு இப்படிப் படுக்கவைத்து எடுப்பார்களாம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் போய் எதை அனுப்பித் தொலைத்திருக்கிறேன்! செருப்பால் அடி. பேசாமல் மட்டும் இருக்காதே. படத்தைத் திருப்பி அனுப்பிவிடு.

விஷாகா

பிஸ்கட்டவே,
மார்ச் 15

அன்புள்ள விஷாகா,

பார்சலைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தூங்குகிற குழந்தையின் கை அப்படிக் கிடக்காது. உனக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், குத்திக்காட்டத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன். உன்மேல் அவ்வளவு ஆத்திரம். அதனால்தான் போனை எடுக்கவில்லை, மன்னித்துக்கொள்.

இது எனக்கு முதல் பிரசவம் இல்லை. 2021-இல் ஒரு பையன், ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டான். ஏழு மாதம் ஆனதும் சொல்லலாம் என்றிருந்தோம். பிறகு யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. ஒரு போட்டோ எடுத்துத் தரட்டுமா என்று நர்ஸ் கேட்டாள். வெளியே போ என்று கத்தினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவனைப் பார்த்தது பிரணவ் மட்டும்தான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முந்தாநாள் நீ அனுப்பிய படத்தைப் பிரணவ் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பையனுக்கு மூக்கு இதவிட ஷார்ப்பா இருந்துது, மாளு. அப்படியே உன் மூக்கு" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

படத்தைத் திருப்பி அனுப்பமாட்டேன், கேட்காதே. "முடி இருந்துதா?" என்று அவரிடம் கேட்டேன். சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

உன்,
மாளவிகா