கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் வாண்டும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் வேலைக்குப் போன ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

வீடு மாறியதால் சேர்த்த இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் ரேங்க்கும் இல்லை ஒன்றும் இல்லை, பிள்ளையைப் பழைய பெரிய பள்ளிக்கே மாற்றிவிடுங்கள் என்று போனில் சொன்னாய். எனக்கும் அப்போது அதே எண்ணம்தான். ஆனால் அந்தப் பழைய பள்ளியில் முதலில் சாப்பிட்டு முடிக்கிற பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டுவார்கள், நம்முடையதோ ஒரு வாயை ஊரைச் சுற்றிவந்து விழுங்குகிற ரகம். நட்சத்திரம் கிடைக்காமல் கிடைக்காமல் எல்லார் மேலும் எரிந்து விழப் பழகிவிட்டாள். நீ போனில் கூப்பிட்டாலும், அம்மாதான் சீக்கிரம் வரலையே, நான் பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அது உனக்கே தெரியும். இருந்தாலும் நீ சொன்னாயே என்று வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, டி.சி. வாங்கியே தீருவதென்று கிளம்பிப் போனேன்.

போன நேரம் சாப்பாட்டு வேளை. நீங்களும் உக்காருங்க தாத்தா, சாப்பிட்டுட்டுப் பேசலாம் என்று டீச்சர் ஒரு குட்டி நாற்காலியைக் காட்டினார். என்னில் பாதிதான் அதில் அடங்கியது. ஜன்னல் வெயில் தண்ணீர்த் தம்ளர்களில் இறங்கி, கூரையில் ஏறி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவசரக்காரன் அல்லவா, முடித்ததும் எழுந்தேன். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. முன்பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை என் சட்டையை இழுத்து, உக்காருங்க தாத்தா, இன்னும் ஒருத்தங்க முடிக்கல என்று ரகசியம் சொன்னது. அந்த ஒருத்தர் யார், நம் வாண்டுதான். கடைசி ஆள் முடிக்கும் வரை அங்கே யாரும் எழுவதில்லையாம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பிள்ளை மேஜைமேல் விழுந்த வெயிலை விரலால் தொட்டுப் பார்த்தது, வேறு இரண்டு பிள்ளைகள் கதை பேசின, இவள் பாட்டுக்கு நிதானமாக மென்றாள். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற மாதிரி இருந்தது எனக்கு. வந்த காரியத்தை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன் மகளே, கடையில் லென்ஸ் துடைக்கும்போதும் அந்தக் கூரை வெளிச்சம்தான் கண்ணுக்குள் ஆடுகிறது.

கணக்கும் பாடமும் நான் சொல்லித் தந்துவிடுவேன், இதை என்னால் சொல்லித் தர முடியாது. நேற்று இரவு அவள் சாப்பிட்டு முடித்தும் எழவில்லை. கை கழுவும்மா என்றேன். உன் காலி நாற்காலியைக் காட்டி, அம்மா வேலை இன்னும் முடியல தாத்தா, கொஞ்சம் இருப்போம் என்றாள். அந்தக் குரலில் கோபமே இல்லை. இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அவளை இங்கேயே படிக்க விடு. எடுத்த வேலை நல்லபடி முடிந்து, மனசும் உடம்பும் தெம்பாக நீ வீடு வந்து சேர வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை அவளே உன்னோடு பேசுகிறாளாம். மெதுவாகத்தான் பேசுவாள், அவள் முடிக்கும் வரை போனை வைத்துவிடாதே.

உன் அவசரக்கார
அப்பா