இருநூற்றுப் பதினொரு பேரும் ஒரு பௌதிகவியல் வகுப்பும்

ஜூன் 12, வியாழன்

புத்தளத்தில் கருத்தரங்கு. ஒரு நாள் பாழ். தலைப்பு: "இணையவழித் தனிநபர் கற்றல் வலையமைப்பு". டை கட்டிய ஒருவர் மூன்று மணி நேரம் திரையில் படம் காட்டினார். நடுவில் ஓர் ஆசிரியர், சுற்றிலும் வட்டங்கள், வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி. இனிமேல் எந்த ஆசிரியரும் தனியாள் இல்லையாம்.

கையை உயர்த்தினேன். "எங்கட ஸ்கூல்ல பௌதிகவியலுக்கு ஆளில்ல சேர். இதுல எந்த வட்டத்துக்கிட்ட கேட்டா வருவாரு?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தேநீரும் ரோல்ஸும் வந்தன. கருத்தரங்கில் உருப்படியாக இருந்தது ரோல்ஸ் மட்டும்தான்.

புறப்படும்போது எல்லோருடைய இலக்கத்தையும் வாங்கி ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பெயர் "கற்போம் கற்பிப்போம்". மாவட்டம் முழுவதிலுமிருந்து இருநூற்றுப் பதினொரு பேர்.

ஜூன் 13, வெள்ளி

குழுவில் இன்று 94 செய்திகள். ரோஜாப்பூ, ஜும்ஆ முபாரக், தேநீர்க் கோப்பை, பேரப்பிள்ளை, மீண்டும் ரோஜாப்பூ. கற்றல் பற்றி: பூச்சியம். கற்பித்தல் பற்றி: அதுவும் பூச்சியம்.

ஜூன் 16, திங்கள்

அதிபர் மிஹ்லார் அறைக்குக் கூப்பிட்டார். "ஜுனைதா டீச்சர், இந்த மாசம் முப்பதுக்குள்ள பௌதிகவியலுக்கு ஒருத்தரக் காட்டுங்க. இல்லாட்டி ஆறு புள்ளைகளையும் கலைப்பிரிவுக்கு மாத்துறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

ஜனவரியில் பௌதிகவியல் சேர் சொந்த ஊருக்கு மாற்றம் வாங்கிப் போனார். ஆறு மாதமாக அந்தப் பாடத்துக்குக் கதிரை மட்டும் இருக்கிறது. குறிஞ்சிப்பிட்டியில் உயர்தர விஞ்ஞான வகுப்புத் திறக்க நான் நாலு வருடம் படியேறி இறங்கினேன். ஆண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விடுவார்கள். இந்த ஆறும் பெண்பிள்ளைகள். இங்கே இல்லையென்றால் இவர்களுக்கு விஞ்ஞானம் எங்கேயும் இல்லை.

அதிலும் இல்மா! இருபத்தொரு வருடமாக இரசாயனவியல் படிப்பிக்கிறேன். நான் கரும்பலகையில் விட்ட பிழையை என் மனம் நோகாமல் வந்து சொன்ன பிள்ளை அவள் ஒருத்திதான். அவளைக் கொண்டுபோய்க் கலைப்பிரிவில் உட்கார வைப்பதா?

ஜூன் 17, செவ்வாய்

வெட்கத்தை விட்டு அந்தக் குழுவிலேயே கேட்டேன். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன்: ஆறு மாணவிகள், தமிழ்மொழி மூலம், பௌதிகவியல், இணையவழியில் என்றாலும் போதும், யாராவது முன்வருவீர்களா.

பத்து நிமிடத்தில் முப்பத்தொரு கட்டைவிரல். "மாஷா அல்லாஹ், நல்ல முயற்சி." "துஆச் செய்வோம்." ஒருவர் ரோஜாப்பூவே அனுப்பினார். நான் கேட்டது ஆசிரியரை, ஐயா, பூந்தோட்டத்தை அல்ல.

அந்த நேரம் பார்த்து, இளைப்பாறிய கல்வி அதிகாரி ஒருவரின் மௌத்துச் செய்தி வந்தது. அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக இன்னாலில்லாஹி. மற்றவர்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். மையித்து வீட்டுக்குப் போகாவிட்டால் ஊரில் பேச்சு வரும். இப்போது குழுவில் எழுதாவிட்டாலும் பேச்சு வரும். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுகிறார். நானும் போட்டேன். யார் அவர் என்று எனக்குத் தெரியாது.

நூற்றைம்பது அனுதாபம் வரிசையில் நிற்க, என் ஆறு பிள்ளைகள் எங்கேயோ மேலே போய்விட்டார்கள். குழுவின் சத்தத்தை நிறுத்தி, கண்ணில் படாத இடத்தில் தள்ளி வைத்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

சிலாபத்தில் இரண்டு பேர், நுரைச்சோலையில் ஒருவர். மூவரிடமும் தொலைபேசியில் கெஞ்சியாயிற்று. "கச்சான் காத்துக்குள்ள அவ்வளவு தூரம் யாரு டீச்சர் வாற?" காற்றுக்குப் பயந்த பௌதிகவியல்காரர்கள்.

ஜூன் 28, சனி

இல்மாவின் வாப்பா ஸுஹைப் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தோளில் துவாய், கையில் இரண்டு பாரை மீன்.

"டீச்சர், ஆளு கெடைச்சிட்டா?"

"இல்ல."

"கெடைப்பாங்களா?"

"யாரும் இல்ல, ஸுஹைப் நானா. எல்லா இடமும் கேட்டுட்டேன்."

"அப்ப சரி" என்று மீனை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அப்ப சரி! எவ்வளவு லேசாகச் சொல்கிறார். பெண்பிள்ளை படித்துத் தலையெடுத்துவிடுவாள் என்ற பயம். அதற்கு ஒரு சாட்டுத் தேவைப்பட்டது, என் வாயிலிருந்தே வாங்கிக்கொண்டு போகிறார். இந்த மனிதர்களை எனக்குத் தெரியாதா?

ஜூலை 1, செவ்வாய்

ஸுஹைப் இல்மாவைக் கலைப்பிரிவுக்கு மாற்றிவிட்டார். மற்ற ஐந்து வீட்டிலும் தவணை முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதிபரும் முணுமுணுத்துக்கொண்டு சம்மதித்தார். இடைவேளையில் இல்மா என் அறையைக் கடந்து போனாள். உள்ளே பார்க்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

குழுவிலிருந்து விலகுவது என்று முடிவெடுத்தேன். சும்மா விலகக்கூடாது, நாலு வார்த்தை கேட்டுவிட்டு விலக வேண்டும். என் பழைய செய்தியை எடுத்துக் காட்டி, "இதைப் படித்த இருநூற்றுப் பத்துப் பேருக்கும் நன்றி" என்று எழுத நினைத்து மேலே தேடிப் போனேன்.

அந்த இன்னாலில்லாஹிகளுக்கு நடுவே ஒரு செய்தி. ஜூன் 17, மாலை 6.40. என் கேள்விக்குப் பதில்.

"வணக்கம் டீச்சர். நான் பரமநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இப்ப முன்னேஸ்வரத்தில இருக்கிறன். பௌதிகவியல் படிப்பிச்சு இளைப்பாறினனான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு இந்த இணைப்பில இருப்பன். பிள்ளைகளை வரச் சொல்லுங்கோ."

ஜூன் 22: "எட்டிலிருந்து பத்து வரைக்கும் இருந்தனான். ஒருத்தரும் வரேல்லை. பரவாயில்லை, அடுத்த ஞாயிறும் இருப்பன்."

ஜூன் 29: "இண்டைக்கும் இருந்தனான், டீச்சர்."

ஸுஹைப் வந்தது 28. நான் யாருமில்லை என்று சொன்னது 28.

என்ன செய்துவிட்டேன் நான்? என்னடி செஞ்சிருக்க ஜுனைதா? கையில போன வச்சிக்கிட்டு — ஒரு தரம், ஒரே ஒரு தரம் பார்த்திருக்கக் கூடாதா?

ஜூலை 6, ஞாயிறு

முதல் வகுப்பு. மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ, பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கினம்" என்றார். கண்டிப்பான மனிதர். கணக்கைப் பிழையாகச் செய்த பிள்ளையைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்தே நடுங்க வைத்தார். எனக்குப் பிடித்துவிட்டது.

இல்மாவின் வீட்டுக்குப் போய் விசயத்தைச் சொல்ல வேண்டும். நாளைக்குப் போகலாம்.

ஜூலை 13, ஞாயிறு

போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

ஜூலை 22, செவ்வாய்

பரமநாதன் சேர் அழைத்தார். "டீச்சர், உங்கட ஆறு பேரில சாரா உம்மா எண்ட பேரில வாற பிள்ளை இருக்கே, அவள் சரியான கெட்டிக்காரி."

ஆறு பேரா? எனக்கு இருப்பது ஐந்து. சாரா உம்மா என்பது இல்மாவின் தாயார்.

பின்னேரம் கடையடியில் சாரா உம்மாவைப் பிடித்துக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. இல்மாவின் கூட்டாளிமார் இணைப்பைக் கொடுத்தார்களாம். "அவரு கடலுக்குப் போற நேரந்தான் டீச்சர் போனக் குடுக்கிற. தெரிஞ்சா கோவிப்பாரு. நீங்க வந்து கிந்து பேசிராதீங்க."

சரி என்றேன். போகாமலிருக்க நல்ல காரணம் கிடைத்தது என்று உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. இப்படியும் ஒரு பிறவி.

பௌதிகவியல் மட்டும் போதாது அவளுக்கு. கலைப்பிரிவில் இருந்துகொண்டு என் வகுப்புக்கு எப்படி வருவாள்? நானும் ஞாயிறு பத்து மணிக்கு அந்தத் திரையில் வந்து உட்காரப் போகிறேன். குழுவிலும் அறிவித்தேன். நாற்பது கட்டைவிரல். திருந்தாத ஜென்மங்கள். ஆனால் எலுவன்குளத்திலிருந்து ஓர் ஆசிரியை, தன் பிள்ளைகள் இருவரையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். சேர்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்று நாளாகப் பேய்க்காற்று. படகுகள் எல்லாம் கரையில். ஸுஹைப் வீட்டில்தான் இருப்பார், இல்மா இன்று வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே பத்து மணிக்கு ஆரம்பித்தேன். பத்தே காலுக்கு "சாரா உம்மா" என்று திரையில் வந்தது. ஆண்குரல்.

"டீச்சர், நான் ஸுஹைப்."

பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். தன் பாடம் முடிந்தும் போகாமல் பரமநாதன் சேரும் இருந்தார்.

"ஏன் டீச்சர் இத எனக்கு ஒளிச்சீங்க? புள்ள படிக்க வாணாமெண்டு நான் எப்ப சொன்ன? ஆளில்லாத வகுப்புல ஒரு வருஷத்தப் பாழாக்க வாணாமெண்டுதான் மாத்தின. உங்கட வாசலுக்கே வந்து கேட்டேனே. ஆளு இரிக்கெண்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் மாத்துற?"

காற்று அவருடைய போனுக்குள் இரைந்தது. இணைப்புக் கோளாறு என்று மூடிவிடலாம். யாருக்கும் சந்தேகம் வராது.

"அண்டைக்கும் ஆளிருந்தாரு, ஸுஹைப் நானா. பதினொரு நாளா எழுதி வச்சிட்டுக் காத்துட்டு இருந்தாரு. நான்தான் பார்க்கல்ல."

பரமநாதன் சேர் இருமினார்.

"அப்ப நாளைக்கு நான் அதிபர்ட்ட வாறன்" என்றார் ஸுஹைப். "புள்ளயத் திருப்பி மாத்தணும். நீங்களும் வாங்க. இப்ப சொன்னத அங்கயும் சொல்லுங்க."

தலையாட்டினேன். கமராவை மூடி வைத்திருந்தேன், அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் வாயைத் திறந்து, "ஓம், வாறன்" என்றேன்.